மரக்கால் யார் கையில்

 

வெண்மணி நினைவுச் சொற்பொழிவுக்கு ‘நாட்டின் முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது’ என்ற பொருளை எடுத்துக்கொண்டபோது தோழர்கள் சிலருக்கு அது ஒட்டாததாகப் பட்டது. எரிக்கப்பட்ட 44 பேரை நினைக்கிற நாளில் ஜிடிபியும் குறியீட்டு எண்ணும் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெண்மணி, வளர்ச்சி எட்டிப் பார்க்காத ஏதோ ஒரு மூலையில் நடந்ததில்லை. வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டாக நாட்டுக்கே காட்டப்பட்ட மாவட்டத்தில் நடந்தது. அதனால்தான் இதை இங்கே பேச வேண்டியிருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் நாட்டின் உணவு உற்பத்தியைப் பெருக்க ஏழு மாவட்டங்களை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு வந்த தீவிர விவசாய மாவட்டத் திட்டம் அது. ‘பேக்கேஜ் திட்டம்’ என்று அதிகாரிகள் சொன்னார்கள். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே கட்டாக வரும். அந்த ஏழில் ஒன்று தஞ்சாவூர். பிறகு ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. குறுவைக்கு ஏற்ற ரகம். இரண்டு போகம் பரவியது. மூட்டைக் கணக்கு ஏறியது. அதே மாவட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு, கூடுதல் கூலி நெல் கேட்டுச் சங்கம் வைத்த மக்களின் தெருவில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

அந்த ஆண்டின் உற்பத்தி அட்டவணையை எடுத்துப் பார்த்தால் வெண்மணி அதில் இருக்காது. இருக்க முடியாது. அந்த அட்டவணைக்கு நெல் தெரியும். நெல்லை அறுத்த கை உயிரோடு இருக்கிறதா என்பது அதற்குக் கேள்வியே இல்லை. பிரான்சின் ஃபிராங்கல் என்ற அமெரிக்க ஆய்வாளர், தஞ்சாவூர் உட்பட இந்தத் திட்ட மாவட்டங்கள் சிலவற்றை ஆராய்ந்து 1971-ல் ஒரு நூல் எழுதினார். பசுமைப் புரட்சியின் பொருளாதார ஆதாயங்களும் அரசியல் விலையும் என்பதுதான் நூல் தலைப்பின் பொருள். ஆதாயம் யாருக்குப் போனது, விலையை யார் கொடுத்தார்கள் என்று கீழத்தஞ்சையில் யாரும் நூல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

நிலக்கிழார்கள் வைத்திருந்த சங்கத்தின் பெயரை ஒரு தரம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்: நெல் உற்பத்தியாளர் சங்கம். சேற்றில் கால் வைக்காதவர் உற்பத்தியாளர். நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, அறுத்து, அடித்துத் தூற்றுகிறவர் வெறும் ‘ஆள்’. அந்த ஆள் கூலி கூடுதலாகக் கேட்டால் அது உற்பத்திக்கு இடையூறு. பெரிய பொருளாதாரக் கணக்குகளும் இந்தப் பெயர் போலத்தான் பேசுகின்றன. யாரை உற்பத்தியாளர் என்று எழுதுகிறோம், யாரைச் செலவுப் பத்தியில் எழுதுகிறோம் என்பதை முடிவு செய்த பிறகுதான் கூட்டலும் கழித்தலும் தொடங்குகிறது.

வழக்கு என்ன ஆனது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கீழ்நீதிமன்றம் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலன் உள்ள செல்வந்தர்கள், அதில் ஒருவர் காரும் வைத்திருப்பவர், தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் வந்த வாதங்களில் ஒன்று. இதைச் சினத்தோடு பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வேறு காரணத்துக்காக நினைவுபடுத்துகிறோம். சொத்து அங்கே வெறும் சொத்தாக நிற்கவில்லை, நடத்தைச் சான்றிதழாக நின்றது. பணக்காரன் நல்லவனாகத்தான் இருப்பான் என்ற அதே ஊகம்தான் ஒரு நாட்டைப் பார்க்கும்போதும் வருகிறது. மொத்த உற்பத்தி இவ்வளவு பெரியது, ஆகவே நாடு நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இந்த அளவுகோலை உருவாக்கியவர்களே அதை நம்ப வேண்டாம் என்று சொன்னது வேடிக்கை. சைமன் குஸ்நெட்ஸ் 1934-ல் அமெரிக்க செனட்டுக்கு நாட்டு வருமானக் கணக்கைக் கொடுத்தபோதே, இதை வைத்து மக்கள் நலனை ஊகிக்க முடியாது என்று எழுதிவைத்தார். வெண்மணிக்கு ஒன்பது மாதம் முன்பு, 1968 மார்ச்சில், ராபர்ட் கென்னடி கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேசினார். சிகரெட் விளம்பரமும் விபத்து ஆம்புலன்சும் மொத்த உற்பத்தியில் சேர்கின்றன, குழந்தைகளின் நலம் சேர்வதில்லை என்பது அவர் பேச்சின் சாரம். 1990-ல் மஹ்பூப் உல் ஹக்கும் அமர்த்தியா சென்னும் சேர்ந்து மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றும் சேர்ந்த எண். உலகின் ஐந்து பெரிய பொருளாதாரங்களில் ஒன்று என்று பெருமை பேசும் இந்தியா, 2025-ல் வெளியான அறிக்கையின்படி அந்தப் பட்டியலில் 193 நாடுகளுக்குள் 130-வது இடத்தில் இருக்கிறது. இதெல்லாம் பாடநூலில் இருப்பதுதான். மாணவர்கள் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள்.

பாடநூலில் இல்லாததைப் பேசுவோம். மலக்குழி ஒன்று அடைத்துக்கொள்கிறது. ஒப்பந்ததாரருக்குப் பணம் போகிறது. அது ஜிடிபியில் சேரும். இறங்கியவருக்குக் கொடுத்த சில நூறு ரூபாய் கூலியும், கணக்கில் ஏறினால், சேரும். விஷவாயு தாக்கி மருத்துவமனையில் இரண்டு நாள் கிடந்தால் அந்தக் கட்டணமும் சேரும். அவர் இறந்துபோனது எங்கும் கழிக்கப்படாது. 1993-க்குப் பிறகு இப்படி இறந்தவர்கள் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குகளில் மிக அதிகம் பேர் இறந்த மாநிலம் தமிழ்நாடு. தொழில் வளர்ச்சியில் முன்னணி என்று நாம் சொல்லிக்கொள்ளும் அதே தமிழ்நாடு. 2013-ல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. இதற்கிடையில் அரசு நாடாளுமன்றத்தில் இன்னொரு பதிலும் சொன்னது: கையால் மலம் அள்ளும் தொழிலால் யாரும் இறக்கவில்லை, இறந்தவர்கள் எல்லாம் ‘அபாயகரமான முறையில் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ததால்’ இறந்தவர்கள். எண்ணை மாற்ற வேண்டியதில்லை. பத்தியின் தலைப்பை மாற்றினால் போதும், எண் தானாகப் பூஜ்யமாகிவிடும்.

சரி, செல்வத்தை அளப்பதை விட்டுவிட்டு நலனை அளந்தால் தீர்ந்ததா? நம்மில் முற்போக்காளர்கள் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நாம் நிற்க முடியாது.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன், இட ஒதுக்கீடு இவற்றை நாம் குறைத்துப் பேசப் போவதில்லை. இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் சத்துணவுத் தட்டில் சாப்பிட்டுப் படித்து வந்தவர்கள். குழந்தை இறப்பு, மகப்பேறு, உயர்கல்விச் சேர்க்கை எதை எடுத்தாலும் இந்த மாநிலம் நாட்டின் சராசரியைவிட நல்ல நிலையில் இருக்கிறது. அது போராடிப் பெற்றது, நம் முன்னோர்களும் சேர்ந்து போராடிப் பெற்றது. ஆனால் சராசரி என்பது ஊரையும் சேரியையும் ஒரே பானையில் போட்டுக் கலக்குவது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, ஏறத்தாழ ஒரு கோடியே 44 லட்சம் பேர். ஐந்தில் நான்கு பேர் நன்றாக இருந்தால் சராசரி நன்றாகத்தான் தெரியும். ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை ஒன்று, இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது ஆதிக்க சாதிப் பெண்கள் இறக்கும் சராசரி வயதைவிட 14.6 ஆண்டு குறைவு என்று எடுத்துக்காட்டியது. ‘இந்தியப் பெண்ணின் ஆயுள்’ என்ற ஒற்றை எண்ணுக்குள் இந்தப் பதினான்கு ஆண்டுகளும் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

சாதிவாரியாகப் பிரித்து எழுதினால் இது வெளியே வரும். அது அவசியம். ஆனால் அதற்கும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். பத்தாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி, தெருவுக்குக் குழாய். எந்தக் குடிநீர்ப் படிவத்திலும் ‘வசதி உண்டு’ என்று டிக் விழும். பட்டியல் சாதிக் குடியிருப்புக்கும் குடிநீர் கொடுத்தாகிவிட்டது என்று சாதிவாரிப் பத்தியிலும் டிக் விழும். 2022 டிசம்பரில் அந்தத் தொட்டிக்குள் மனித மலம் கிடந்தது. விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியர், டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் தலித்துகள் கோயிலுக்குள் விடப்படாததையும் சேர்த்தே பார்த்தார். தண்ணீரைப் பார்க்க வந்த இடத்தில் தற்செயலாகத் தெரிந்தது அது. எந்தப் படிவமும் அதைக் கேட்டிருக்கவில்லை.

உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பப்பட்டு 2008 வரை முழுதாக நின்ற சுவருக்கும் செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி ஆகியிருக்கும். கட்டுமானத்துறை வளர்ச்சியில் அதுவும் ஒரு துளி. மேலவளவில் தேர்தல் நடந்தது, தனி ஊராட்சிக்குத் தலைவர் வந்தார், உள்ளாட்சி ஜனநாயகம் ஒரு படி ஏறியதாக எழுதிக்கொள்ளலாம். அந்தத் தலைவர் முருகேசனையும் உடன் இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள்.

நாம் சொல்ல வருவது இதுதான். தொட்டி, பள்ளி, சாலை, தேர்தல் எல்லாம் பொருள்கள், ஏற்பாடுகள். அவற்றை எண்ணலாம். சாதியோ மனிதர்களுக்கு இடையில் இருக்கிற உறவு. இந்தத் தொட்டியின் தண்ணீரை யார் யாரோடு சேர்ந்து குடிக்கிறார்கள் என்று கேட்காத வரை அந்தத் தொட்டியின் நலனை யாராலும் அளக்க முடியாது. 1949 நவம்பரில் அரசமைப்பு அவையில் பாபாசாகேப் எச்சரித்ததும் இதைத்தான்: வாக்கில் சமத்துவம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டோடு குடியரசுக்குள் நுழைகிறோம் என்று. வாக்கு எண்ணக்கூடியது. மற்றதை எண்ணுவதற்கு நாடு இன்றுவரை படிவம் அச்சடிக்கவில்லை.

பூட்டானைப் பற்றி ஒரு வார்த்தை. மாணவர்கள் கட்டுரைகளில் அது தவறாமல் வருகிறது. பணத்தை அளக்காமல் மகிழ்ச்சியை அளக்கும் நாடு. மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 1970களில் சொன்ன ‘மொத்த தேசிய மகிழ்ச்சி’ 2008-ல் அரசமைப்பிலேயே எழுதப்பட்டது. அழகான கருத்துத்தான், கேலி செய்யவில்லை. ஆனால் அதே மன்னர் காலத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். தெற்கே நேபாளி பேசும் லோத்ஷாம்பா மக்கள் இருந்தார்கள். 1985-ல் புதிய குடியுரிமைச் சட்டம். 1988-ல் கணக்கெடுப்பு. 1958-லேயே இங்கே வாழ்ந்ததற்கு ஆவணம் காட்டு என்றார்கள். காட்ட முடியாதவர் அந்நியர். வடக்கத்தியர் உடையையே எல்லோரும் உடுத்த வேண்டும் என்ற விதி வந்தது. பள்ளியில் நேபாளி மொழி நின்றது. 1990களின் தொடக்கத்தில் நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, ஒரு லட்சம் பேர் அளவில், கிழக்கு நேபாளத்து அகதி முகாம்களில் இருந்தார்கள். மகிழ்ச்சி அரசமைப்பில் ஏறிய அதே 2008-ல் அவர்கள் முகாமிலிருந்து அமெரிக்காவுக்கு விமானம் ஏறத் தொடங்கினார்கள். பிறகு நடந்த மகிழ்ச்சிக் கணக்கெடுப்பில் அவர்களிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்க அவர்கள் அங்கே இல்லை. அளவுகோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், யாரை உள்ளே வைத்து அளக்கிறார்கள் என்பது அளவுகோலுக்கு வெளியே முடிவாகிறது.

நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். வெள்ளைக்கார துரைக்கு நன்றி சொல்லும் கூட்டம் அல்ல இது. வரி வசூலிப்பதுதான் அவர் உத்தியோகம். ஆனால் வரிக்கணக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்பதோடு அவர் நிற்கவில்லை. இவர்கள் குடியிருக்கும் மனை யாருடையது என்று கேட்டார். மிராசுதாருடையது. அப்படியென்றால் எதிர்த்துப் பேசியவனை ஒரே நாளில் வீட்டைவிட்டுத் துரத்தலாம். கடன் யாரிடம், அதற்கு ஈடாக யார் யாருக்குக் கட்டுப்பட்டு உழைக்கிறார்கள், தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் தடுப்பது யார் என்று பார்த்தார். இவை எல்லாமே உறவு பற்றிய கேள்விகள். வருவாய் வாரியம் அவர் சொன்னதை எளிதில் ஏற்கவில்லை. ஆனாலும் 1892-ல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கே விற்கலாம் என்ற நிபந்தனையோடு. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பிறகு அது எப்படிக் கைமாறியது என்பது தனிச் சொற்பொழிவு. 1994-ல் அதே செங்கல்பட்டு வட்டாரத்தின் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போன ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். சரியான கேள்வி கேட்டால் நிலம் வரும். அந்தக் கேள்வியை மறந்தால் நிலம் போகும். நூறு ஆண்டில் இரண்டையும் பார்த்துவிட்டோம்.

கீழத்தஞ்சைப் பண்ணையாட்களும் இதை அறிந்திருந்தார்கள். 1940களில் பி. சீனிவாசராவ் காலத்துச் சங்கம் எழுந்தபோது சவுக்கடி, சாணிப்பால் இரண்டையும் நிறுத்து என்பது முதல் கோரிக்கை. 1944 மன்னார்குடி ஒப்பந்தம் அதை ஏற்றது. அதோடு அந்த இயக்கத்தில் இன்னொரு குரலும் கேட்டது: கூலியை முத்திரை மரக்காலால் அள. எவ்வளவு தருகிறாய் என்று பேசுவதற்கு முன்னால், எந்த மரக்காலால் அளக்கிறாய் என்று பேசினார்கள். பொருளியல் படித்தவர்கள் பின்னாளில் பக்கம் பக்கமாக எழுதியதைக் களத்துமேட்டில் ஒரு வரியில் கேட்டுவிட்டார்கள்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. 1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையும் முறையாக வெளியாகப் போவது இப்போதுதான். வரவேற்போம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தலைகள் 1951 முதல் விடாமல் எண்ணப்பட்டே வருகின்றன. எண்ணப்படாமல் இருந்தவர்கள் மற்றவர்கள். ஏரிப் பாசன நிலம் யாரிடம், கோயில் அறங்காவலர் யார், சாலை ஒப்பந்தம் யாருக்கு, அரிசி ஆலை யாருடையது என்பதற்குச் சாதிக் கணக்கு கிடையாது. இல்லாதவனை எண்ணுவது நலத்திட்டத்துக்கு உதவும். இருப்பவனையும் எண்ணினால்தான் இல்லாமை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். வெறும் தலைக்கணக்கோடு திருப்திப்பட்டால் நமக்கு இன்னொரு விழுக்காடு கிடைக்கும், அவ்வளவுதான்.

தீண்டாமையை அளக்க முடியாது, அது உணர்வு சார்ந்தது என்று சில அறிஞர்கள் சொல்வார்கள். கன்ஷியாம் ஷாவும் உடன் ஆய்வாளர்களும் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் அளந்து காட்டி 2006-ல் நூலாகவே போட்டார்கள். தமிழ்நாட்டிலும் தீண்டாமை ஒழிப்பு முன்னணி போன்ற அமைப்புகள் ஊர் ஊராகப் போய் எடுத்த கணக்குகள் உண்டு. ஆக, அளக்க முடியும். அளக்கும் பொறுப்பு அரசுடையது. அது செய்யும்வரை காத்திருக்கவும் நமக்கு நேரமில்லை.

அதனால் இந்த ஆண்டு நம் மன்றம் ஒரு படிவம் தயாரித்திருக்கிறது. மொத்தம் இரண்டு பக்கம். பள்ளிக் கழிப்பறையை எந்தப் பிள்ளைகளைக் கழுவச் சொல்கிறார்கள். சத்துணவு சமைப்பவர் எந்தத் தெரு, அவர் சமைத்தால் சாப்பிடாத பிள்ளைகள் உண்டா. தலித் ஊராட்சித் தலைவருக்கு அலுவலகத்தில் நாற்காலி உண்டா, ஆகஸ்டு 15 அன்று கொடியை யார் ஏற்றினார். பிணம் எந்தப் பாதையில் போகிறது, மழைக்காலத்திலும் அதே பாதையா. முடிதிருத்தும் கடையில் உட்கார இடம் உண்டா. தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம். சேரி மனைகளுக்குப் பட்டா இருக்கிறதா, இருந்தால் யார் பெயரில். நூறு நாள் வேலையில் எந்தத் தெருவுக்கு எந்த வேலை. கடைசியில் ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறோம். நாங்கள் கேட்க மறந்ததை ஊர்க்காரர்கள் சொன்னால் எழுத.

இரண்டு எச்சரிக்கை. பதிலைத் தலையாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டு நிரப்பாதீர்கள், சேரிப் பெண்களிடம் கேளுங்கள். சாவி யாரிடம் என்பது குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது, அருந்ததியர் தெருவைத் தனியாக எழுதுங்கள், புதிரை வண்ணார் வீடு ஒன்றே ஒன்று இருந்தாலும் அதைத் தனியாக எழுதுங்கள். நமக்குள் இருக்கும் படிக்கட்டை மறைத்து ‘தலித் சராசரி’ ஒன்று தயாரிக்க நாம் கிளம்பவில்லை. நம் தெருவில் அவர்களுக்குத் தம்ளர் வேறா என்ற கேள்வியும் படிவத்தில் இருக்கிறது. ஒன்பதாவது கேள்வி. கேட்பது சங்கடமாக இருக்கும், கேளுங்கள்.

படிவங்களைத் தோழர்கள் வாசல் மேசையில் வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஆளுக்குப் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். பேனா மையில் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். மாசி முடிவதற்குள் மன்றத்துக்கு வந்து சேர்ந்தால், அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு முன்பாகத் தொகுத்துவிடலாம்.